புகையானுக்கு ட்ரோனா, பம்பா? டெல்டா நெல்லுக்கு மருந்து அடிக்கும் நான்கு வழிகள்

மழை விட்டும் வெயில் வராமல், ஈரமும் புழுக்கமுமாக நாட்கள் நீண்டால் சம்பா வயலில் அங்கங்கே வட்டமாகப் பயிர் பழுக்கத் தொடங்கும். தூரைப் பிரித்துப் பார்த்தால் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே பழுப்பு நிறத்தில் பூச்சி அப்பிக் கிடக்கும். புகையான். ஒரு வட்டம் தெரிந்த வயல், கவனிக்காமல் விட்டால் ஒரு வாரம் பத்து நாளில் வைக்கோலாகிவிடும். அந்த நேரத்தில்தான் கேள்வி வருகிறது: ட்ரோனுக்குச் சொல்லிவிடலாமா, ஆள் வைத்துக் கைபம்பில் அடிக்கலாமா, பக்கத்து வீட்டு பவர் ஸ்பிரேயரை வாங்கிவரலாமா?

உலகப் பயிர் விளைச்சலில் 40 சதவீதம் வரை பூச்சி, நோய்களால் ஆண்டுதோறும் வீணாகிறது என்பது ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் மதிப்பீடு. நெல்லில் அந்த இழப்பைத் தடுக்க இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. "மருந்து கேட்கவில்லை" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் வயல்களில் பலவற்றில் நடந்தது வேறு: மருந்து பூச்சி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. அதனால் எந்த மருந்து என்று கேட்பதற்குச் சமமான கேள்வி, எதில் வைத்து அடிப்பது என்பது.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலாவது, பூச்சி பயிரில் எங்கே உட்கார்ந்திருக்கிறது. மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, கையில் எத்தனை நாள் இருக்கிறது. குலைநோய்க்கும் நெல்பழ நோய்க்கும் கதிர் வெளிவரும் அந்தச் சில நாட்கள் போனால் போனதுதான். மூன்றாவது, வயலின் அமைப்பு: ஒரே சதுரமாக ஐந்து ஏக்கரா, வரப்பில் தென்னையும் மேலே மின்கம்பியுமாக மூன்று மாவா (மூன்று மா ஒரு ஏக்கர்), உள்ளே கால் வைத்தால் முழங்கால் வரை புதைகிறதா. நான்காவது, செலவு, மருந்து வீணாவதையும் இரண்டாம் முறை அடிப்பதையும் சேர்த்துத்தான் செலவு. ஐந்தாவது, மருந்தை யார் மூச்சில் இழுக்கிறார்கள். கடைசியில் எழுதினாலும் கடைசியில் வைக்க வேண்டியது அல்ல இது.

## அடிக்கத்தான் வேண்டுமா?

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள். வயலில் குறுக்காக நடந்து இருபது குத்தையாவது (ஒரே இடத்தில் நட்ட பயிர்க் கொத்து) தட்டிப் பாருங்கள். புகையான் ஒரு தூருக்கு, அதாவது குத்திலுள்ள ஒரு தண்டுக்கு, ஒன்று இருந்தால் அடிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். இலைச்சுருட்டுப் புழுவுக்கு, தூர் கட்டும் பருவத்தில் 10 சதவீத இலை சேதம், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் (கதிரை ஒட்டிய கடைசி இலை) 5 சதவீதம். தண்டுத்துளைப்பானுக்கு, சதுர மீட்டருக்கு இரண்டு முட்டைக் குவியல் அல்லது 10 சதவீதக் குருத்து காய்தல். கதிர்நாவாய்ப் பூச்சிக்கு, பூக்கும்போது நூறு கதிருக்கு ஐந்து, பால் பிடிக்கும்போது பதினாறு.

இந்த அளவுக்குக் கீழே அடித்தால் காசு மட்டும் போவதில்லை. புகையானைத் தின்னும் சிலந்தியும் மிரிட் நாவாய்ப் பூச்சியும் முதலில் சாகின்றன, தூரடியில் ஒளிந்திருக்கும் புகையான் மிஞ்சிப் பெருகுகிறது. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகளைப் புகையானுக்கு அடிக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். இந்தோனேசியா இதை நாடளவில் அனுபவித்தது. நெல்லுக்கு மருந்து அடிக்க அடிக்கப் புகையான் கூடியதால், 1986-ல் 57 பூச்சிமருந்துகளை நெல்லில் பயன்படுத்த அந்த நாட்டு அரசு தடை போட்டது.

## பூச்சி எங்கே, பம்பு எது

| பூச்சி / நோய் | இருக்கும் இடம் | பொருத்தமானது | பொருந்தாதது |
|---|---|---|---|
| புகையான் | தூரடி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேல் | கைபம்பு, பேட்டரி, பவர் ஸ்பிரேயர் (நாசிலைத் தாழ்த்தி) | ட்ரோன் (அடர்ந்த பயிரில்) |
| தண்டுத்துளைப்பான் | முட்டை இலை நுனியில், புழு தண்டுக்குள் | ஊடுருவும் (பயிருக்குள் போய் வேலை செய்யும்) மருந்தாக இருந்தால் எதுவும். குருணையும் | புழு உள்ளே போனபின் தொடுநஞ்சு (பூச்சி மேல் பட்டால்தான் கொல்லும் மருந்து) |
| இலைச்சுருட்டுப் புழு | மேல் இலைகளின் மடிப்பில் | ட்ரோன், பேட்டரி | குறிப்பாக எதுவுமில்லை |
| குலைநோய், நெல்பழ நோய் | மேல் இலை, கழுத்து, கதிர் | ட்ரோன் | ஆள் இறங்கிக் கதிரை மிதிக்கும் எதுவும் |
| கதிர்நாவாய்ப் பூச்சி | கதிர் | ட்ரோன், பவர் ஸ்பிரேயர் | நல்ல வெயில் நேரத்தில் எதுவும் |

## கைத்தெளிப்பானும் பேட்டரி பம்பும்

இரண்டையும் ஒன்றாகப் பேசலாம், டேங்கு ஒன்றுதான், 16 லிட்டர். கைபம்பு சுமார் 1,500 முதல் 2,500 ரூபாய், பேட்டரி 3,000 முதல் 5,000 வரை. கைபம்பின் பலம், நாசிலை எங்கே வேண்டுமானாலும் நுழைக்கலாம் என்பது. புகையானுக்கு இதைவிட நல்ல கருவி இல்லை, ஆனால் அடிக்கிற விதம் வேறு. முதல் நாளே தண்ணீரை வடித்துவிட வேண்டும். எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம் (நடக்கும் இடைவெளி) விட்டு நட்டிருந்தால் அந்தப் பட்டத்தில் நடந்து, லான்ஸை (நாசில் மாட்டிய குழாய்) பயிருக்குள் சாய்த்து, தூரடியில் படும்படி அடிக்க வேண்டும். பட்டம் விடாத வயலில் ஆள் பயிரை விலக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். கூலிக்கு வருகிறவர் அப்படிப் போகமாட்டார், மேலே வீசிக்கொண்டே நடப்பார். அப்போது கைபம்பும் ட்ரோனும் ஒன்றுதான், கைபம்பு மெதுவான ட்ரோன்.

பேட்டரியின் மறைமுகச் செலவு வேறு மாதிரி. கை அடிக்க வேண்டியதில்லை என்பதால் ஆள் வேகமாக நடக்கிறார். மருந்து நிமிடத்துக்கு இரண்டு இரண்டரை லிட்டர் வெளியேறுவதால் டேங்கு ஆறேழு நிமிடத்தில் காலி. 12 டேங்கு போக வேண்டிய ஏக்கரில் ஏழோடு முடித்துவிட்டு "முழுக்க அடிச்சாச்சு" என்பார்கள். சார்ஜ் இறங்கினால் அழுத்தம் குறைந்து, பனியாக விழ வேண்டியது சொட்டாக விழும். இலையில் நிற்காமல் வழியும். அறுவடைக்குப் பிறகு சார்ஜ் இல்லாமல் பரணில் போட்ட லெட் ஆசிட் பேட்டரி அடுத்த குறுவைக்கு எழுந்திருக்காது. சும்மா கிடந்தாலும் மாதம் ஒருமுறை சார்ஜ் போட வேண்டும்.

நாசில் விஷயத்தில் ஒரே விதி. பூச்சி, நோய் மருந்துக்குக் கூம்பாக விழும் நாசில். களைக்கொல்லிக்கு விசிறியாக விழும் நாசில். களைக்கொல்லிக்குத் தனி பம்பே வைத்துக்கொள்வது நல்லது. 2,4-டி களைக்கொல்லி அடித்த பம்பைத் தண்ணீரில் அலசிவிட்டு அடுத்த மாதம் உளுந்துக்கு எடுத்தவர்களின் வயலில் உளுந்து முறுக்கிக்கொண்டு நின்றதைத் தஞ்சாவூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இது சரியான தேர்வு: இரண்டு ஏக்கருக்குள் நிலம், புகையான், வட்டம் வட்டமாக மட்டும் தெரிகிற நிலை (அந்த வட்டத்தையும் சுற்றி பத்தடியையும் மட்டும் அடித்தால் போதும், முழு வயலும் வேண்டாம்), தென்னை, மின்கம்பி நடுவே இருக்கும் துண்டுகள்.

## பவர் ஸ்பிரேயர்

பெட்ரோல் இன்ஜின், காற்றின் வேகத்தில் மருந்தைப் பனியாக உடைத்து வீசுவது. விலை 8,000 முதல் 15,000 வரை. ஏக்கருக்கு 60 முதல் 80 லிட்டர் தண்ணீர் போதும், ஒரு ஆள் ஒரு நாளில் ஐந்து ஏக்கர் வரை முடிப்பார். அடர்ந்த பயிரைக் காற்று விலக்குவதால், குழாயைத் தாழ்த்திப் பிடித்தால் மருந்து தூரடிவரை போகும். புகையான் பரவிய பெரிய வயலுக்கு ட்ரோனைவிட இதைத்தான் சொல்வேன்.

குறை, எடை. காலி இயந்திரமே பத்துப் பன்னிரண்டு கிலோ, மருந்து ஊற்றினால் இருபதைத் தாண்டும். சேற்றில் அதைச் சுமந்து நடப்பவரிடம் நிதானத்தை எதிர்பார்க்க முடியாது. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் எண்ணெய் கலக்காமல் பெட்ரோல் மட்டும் ஊற்றி பிஸ்டன் கவ்வி நிற்பது இந்த இயந்திரத்துக்கு வழக்கமான சாவு. கலக்கும் விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், குறிப்பேட்டைப் பாருங்கள்.

மிகப் பெரிய குறை, பனி அடிப்பவர் மேலேயே திரும்புவது. பயிர் ஆள் உயரத்துக்கு வந்துவிட்டால் அது முகத்தில்தான் விழும். 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த தொழிலாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் நச்சேறி இறந்தார்கள். வழக்கத்தைவிட உயர்ந்து அடர்ந்திருந்த பருத்திக்குள் நின்று அடித்ததும் அங்கே பேசப்பட்ட காரணங்களில் ஒன்று. நெல் இடுப்பளவுதான் என்றாலும் விதி ஒன்றே: காற்று பக்கவாட்டில் போகும்படி நடக்க வேண்டும், அடித்த பகுதிக்குள் திரும்ப நடக்கக் கூடாது. முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, முகமூடி. துண்டை மூக்கில் கட்டுவது முகமூடி ஆகாது. நனைந்த துண்டு மருந்தை மூக்கோடு ஒட்டி வைக்கிறது.

## ட்ரோன்

விலை ஐந்து லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை என்பதால் பெரும்பாலானவர்களுக்குக் கேள்வி வாங்குவதா என்பதல்ல, வாடகைக்குக் கூப்பிடுவதா என்பதுதான். பத்து லிட்டர் டேங்கு, அதுவே ஒரு ஏக்கருக்கு. பறக்கும் நேரம் ஏழெட்டு நிமிடம். ஒரு செட் பேட்டரியில் ஒரு ஏக்கர், மிஞ்சினால் ஒன்றரை. ஆள் வயலுக்குள் இறங்க வேண்டாம், கதிர் மிதிபடாது, மருந்து மூச்சில் ஏறாது, காலையில் தொடங்கினால் ஒரு நாளில் இருபது ஏக்கர் போகும். கதிர் வரும் நாளில் மழை இடைவெளி இரண்டு மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் ட்ரோனுக்கு மாற்று கிடையாது. நெல்பழ நோய்க்குக் கதிர் வெளிவருமுன் ஒன்றும் பாதி பூத்தபோது ஒன்றுமாக அடிப்பது இதில்தான் நடைமுறையில் முடியும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: நெல் பூ திறக்கும் நேரமான காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை வேண்டாம்.

இனி இடறும் இடங்கள்.

200 லிட்டரில் போக வேண்டிய மருந்து 10 லிட்டரில் போகிறது, அதாவது கலவை இருபது மடங்கு கெட்டி. அடர்ந்த சம்பாவில் அந்த மெல்லிய பனி மேல் இலைகளிலேயே பெரும்பாலும் தங்கிவிடுகிறது. இறக்கைக் காற்று கொஞ்சம் உள்ளே தள்ளும், ஆனால் தூரடிக்குப் போதுமான அளவு போவதில்லை. சந்தேகம் இருந்தால் ஈரம் பட்டால் நீலமாகும் மஞ்சள் தாளை மேல் இலையில் ஒன்றும் தூரடியில் ஒன்றும் குத்திவைத்துப் பாருங்கள். மேலே பொரிப் பொரியாக நீலம், கீழே நாலைந்து புள்ளி.

"ஊடுருவும் மருந்துதானே, மேலே பட்டால் கீழே இறங்காதா?" என்று கேட்பார்கள். பெரும்பாலான ஊடுருவும் மருந்துகள் வேர்ப் பக்கத்திலிருந்து இலை நுனிக்குத்தான் ஏறும், மேலிருந்து இறங்காது. புகையான் மருந்தான பைமெட்ரோசின் இரண்டு திசையிலும் நகரக்கூடியது. வேறு வழியில்லாமல் புகையானுக்கு ட்ரோன் என்றால் அதையே தேர்ந்தெடுங்கள். ஏக்கருக்குத் தண்ணீரை 15 லிட்டருக்குக் குறையாமல் வையுங்கள், வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், பயிருக்கு மேல் ஒன்றரை முதல் இரண்டு மீட்டரில் பறக்கட்டும். அதற்கும் கீழே இறங்கினால் கதிர் முற்றிய பயிர் காற்றில் சாயும்.

கலவைதான் அடுத்தது. வாய்க்கால் தண்ணீரை அப்படியே ஊற்றினால் நாசில் அடைக்கும். போர் தண்ணீரை நெருக்கமான துணியில் வடிகட்டி எடுத்துப்போங்கள். குருணைத்தூள் வகை மருந்தை வாளியில் தனியாகக் கரைத்துவிட்டு, திரவ மருந்தைப் பிறகு சேர்க்க வேண்டும். பூச்சி, நோய், இலைவழி உரம் மூன்றையும் ஒரே டேங்கில் போடச் சொல்வது ட்ரோன் வந்தபின் கூடிவிட்ட ஆசை. கைபம்பில் சமாளித்த கலவை இருபது மடங்கு கெட்டியில் தயிர் மாதிரி திரியும். முதல் நாள் ஒரு லிட்டர் பாட்டிலில் பத்தில் ஒரு பங்கு அளவில் கலந்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் படிந்தாலோ திரிந்தாலோ இரண்டும் சேராது.

காற்று மணிக்கு பத்து கிலோமீட்டரைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். வரப்புப் புல் தொடர்ந்து ஆடினால் அதுவே அடையாளம். பக்கத்தில் மீன் குளம், வாத்துக் கூட்டம், தேன்பெட்டி, மல்பெரி இருந்தால் அந்தப் பக்கம் சில மீட்டர் விட்டுவிட்டுப் பிறகு கைபம்பில் முடிப்பதே உத்தமம். ட்ரோனில் களைக்கொல்லியை, குறிப்பாக 2,4-டி-யை, பருத்தியோ தக்காளியோ கத்தரியோ பக்கத்தில் இருக்கும் இடத்தில் அடிக்கவே கூடாது. காற்றில் போனது அடுத்தவர் பயிரை வெகு தூரத்தில் முறுக்கும், பஞ்சாயத்து உங்கள் வீட்டு வாசலில் நடக்கும்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. ஓட்டுபவரிடம் 2021 ட்ரோன் விதிகளின்படி பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும். ட்ரோனில் அடிக்க 477 மருந்துகளுக்கு 2022 ஏப்ரலில் இரண்டு ஆண்டு இடைக்கால அனுமதி தரப்பட்டது. இப்போது வாங்கும்போது அந்த மருந்தின் லேபிளில் ட்ரோனுக்கான தண்ணீர் அளவு அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம் மானியம். மற்ற விவசாயிகளுக்கு 40 சதவீதம், 4 லட்சம் வரை. மகளிர் குழுக்களுக்கு நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் 80 சதவீதம், 8 லட்சம் வரை என்று அறிவிக்கப்பட்டது. மானியம் வாங்கும்போது உதவும். பேட்டரி சில நூறு சார்ஜில் சோரும்போது அதை மாற்றும் செலவு உங்களுடையது. ஆண்டுக்கு எத்தனை ஏக்கர் அடிப்பீர்கள் என்று எண்ணிவிட்டு வாங்குங்கள்.

வாடகைக்குக் கூப்பிடுகிறவர்களுக்கு மறைமுகச் செலவு, காத்திருப்பு. ஊரெல்லாம் புகையான் என்றால் எல்லோரும் ஒரே ட்ரோனுக்குத்தான் சொல்லியிருப்பார்கள். "நாளன்னைக்கு வந்துடறேன்" என்ற இரண்டு நாள் நான்காகும். ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கருக்குத் தனியாக வரமாட்டார்கள். பக்கத்து வயல்காரர்களோடு சேர்ந்து பத்து ஏக்கராகச் சொன்னால் வருவார்கள், கூலியும் இறங்கும்.

## டேங்குக் கணக்கு

எல்லா வழியிலும் பொதுவான தப்பு இங்கேதான். மருந்து ஏக்கருக்கு இவ்வளவு என்பதே கணக்கு, டேங்குக்கு ஒரு மூடி என்பதல்ல. ஏக்கர் அளவு மாறாது, டேங்குக்கு ஊற்றுவதுதான் மாறும்.

| | கைபம்பு / பேட்டரி | பவர் ஸ்பிரேயர் | ட்ரோன் |
|---|---|---|---|
| ஏக்கருக்குத் தண்ணீர் | 192 லிட்டர் (16 × 12) | 60 லிட்டர் (12 × 5) | 10 லிட்டர் |
| குளோரன்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்.சி. (புழுவுக்கான திரவ மருந்து), ஏக்கருக்கு 60 மி.லி. | டேங்குக்கு 5 மி.லி. | டேங்குக்கு 12 மி.லி. | 60 மி.லி. |
| பைமெட்ரோசின் 50 டபிள்யூ.ஜி. (குருணைத்தூள்), ஏக்கருக்கு 120 கிராம் | டேங்குக்கு 10 கிராம் | டேங்குக்கு 24 கிராம் | 120 கிராம் (தண்ணீர் 15 லிட்டர்) |

மாக் கணக்கில் சொன்னால், கைபம்புக்கு மாவுக்கு நாலு டேங்கு. உங்கள் ஆள் எவ்வளவு அடிக்கிறார் என்று தெரிய, வெறும் தண்ணீர் ஊற்றி இரண்டு சென்ட் (இருபது அடிக்கு நாற்பத்து மூன்றரை அடி) அடிக்கச் சொல்லுங்கள். நாலு லிட்டர் போனால் சரி. இரண்டரைதான் போனது என்றால், டேங்குக்கு 5 மி.லி. ஊற்றி ஏழெட்டு டேங்கில் முடிக்கிறார்; ஏக்கருக்கு 60 போக வேண்டிய இடத்தில் 40-க்குள்தான் போகிறது. அந்த அரைகுறை அளவில் பிழைத்த புழுதான் அடுத்த போகத்தில் மருந்துக்கு மசியாத புழு.

செலவும் இப்படித்தான் பார்க்க வேண்டும். டேங்குக்கு 50 ரூபாய் கூலி என்று வைத்தால் கைபம்பில் ஏக்கருக்கு 600. ட்ரோனுக்கு ஏக்கர் 500 என்றால் மேலோட்டமாக ட்ரோன் மலிவு. ஆனால் புகையானுக்கு அந்த 500-ல் அடித்து, கேட்காமல், மறுபடி மருந்து வாங்கிக் கைபம்பிலும் அடித்தால் கூலி மட்டும் 1,100. இலைச்சுருட்டுப் புழுவுக்கோ குலைநோய்க்கோ அப்படி ஆகாது, அங்கே ட்ரோன் நிஜமாகவே மலிவு.

## பம்பே வேண்டாத வழி

தண்டுத்துளைப்பானுக்கு மட்டும் இதை யோசிக்கலாம். நட்ட இரண்டு மூன்று வாரத்தில் குளோரன்ட்ரானிலிப்ரோல் 0.4 குருணை ஏக்கருக்கு 4 கிலோ, மணலோடு கலந்து வீசுவது. வயலில் ஒரு அங்குலத் தண்ணீர் இருக்க வேண்டும், சில நாள் வடியவும் கூடாது. வடிகால் வயலிலும் மழை கொட்டும் வாரத்திலும் இது வாய்க்காலுக்குப் போட்ட மருந்து.

## உங்கள் வயலுக்கு எது

ஒன்றிரண்டு ஏக்கர், வீட்டு ஆள் உண்டு என்றால் பேட்டரி பம்பு ஒன்று வாங்கிவிடுங்கள். நிதானமாக நடக்க மட்டும் பழக வேண்டும். ஐந்து ஏக்கருக்கு மேல் ஒரே சதுரம் என்றால் இரண்டும் தேவை: மேல் இலை, கதிர் சமாச்சாரத்துக்கு ட்ரோன் வாடகை, தூரடிக்கு பவர் ஸ்பிரேயர். ஆளே கிடைக்காத ஊரில், புகையானுக்கும் ட்ரோன்தான் என்ற நிலையில், தண்ணீரை வடித்து, பைமெட்ரோசின் வாங்கி, 15 லிட்டருக்குச் சொல்லி, வரப்போர மூலைகளைக் கைபம்பில் முடியுங்கள். அடுத்த நடவிலாவது எட்டு அடிக்கு ஒரு பட்டம் விடுங்கள்.

அடித்த மறுநாளே போய்ப் பார்த்துவிட்டு ட்ரோன்காரருக்குப் போன் போட வேண்டாம். பைமெட்ரோசின் பூச்சியை உடனே கொல்லாது, சாறு உறிஞ்சுவதை நிறுத்தும். பூச்சி தூரில் அப்படியே உட்கார்ந்திருந்து சில நாளில் பட்டினியில் விழும். நாலாம் நாள் அதே இருபது குத்தைத் தட்டி எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை பாதிக்கும் கீழே வரவில்லை என்றால் அதே மருந்தைத் திரும்ப வாங்காமல் வேறு வகையான ட்ரைஃப்ளுமெசோபைரிம் 10 எஸ்.சி., ஏக்கருக்கு 94 மி.லி., இந்த முறை நாசில் தூரடியில்.